பாரிஸுக்குப் பிறகு, ஃபேஷன் யோசனைக்காகப் பிரான்சில் எந்த ஊருக்குப் போகலாம்?

பாரிஸில் மூன்று நாள் முடிவாகிவிட்டது, அதற்குப் பின் இரண்டு நாள் மிச்சம், வீட்டில் பிளவுஸும் சுடிதாரும் தைத்துக் கொடுக்கும் தொழிலுக்குப் புது யோசனை வேண்டும், கூட வரும் கணவருக்கோ துணிக்கடை வாசலைக் கண்டாலே கொட்டாவி என்று எழுதியிருக்கிறீர்கள். யோசிக்காமல் லியோனுக்கு டிக்கெட் போடுங்கள். பாரிஸின் 'கார் தெ லியோன்' ஸ்டேஷனில் டிஜிவி ஏறினால் இரண்டு மணி நேரப் பயணம்தான். பிரான்சில் அதிவேக ரயில் 1981இல் ஓட ஆரம்பித்ததே இந்த வழித்தடத்தில்தான்.

நானும் தையல்காரிதான், பிறந்தது ஆரணி. அதனால் என் பதிலில் துணிப்பக்கச் சாய்வு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பாரிஸின் பெரிய பிராண்டு தெருக்களில் தைத்து முடித்த உடை கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும். வாசலில் கோட் போட்ட காவலர் இருப்பார். உள்ளே போய்த் தையலைத் திருப்பிப் பார்க்க நமக்குக் கூச்சம். லியோனில் கதை துணியிலிருந்து தொடங்குகிறது. கத்தரியும் ஊசியும் பிடிக்கிறவர்களுக்கு யோசனை வருவதும் பெரும்பாலும் துணியைத் தொட்டுப் பார்க்கும்போதுதானே?

இத்தாலியப் பட்டுக்காகப் பிரான்சின் காசு வெளியே போய்க்கொண்டிருந்த காலத்தில், 1536இல் மன்னர் முதலாம் பிரான்சுவா லியோனில் பட்டு நெய்யச் சலுகை கொடுத்தார். அங்கிருந்து வளர்ந்த ஊர் இது. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் சார்ல்ஸ் ஃப்ரெடெரிக் வொர்த் என்ற தையல் மேதை, பிரான்சின் மகாராணி யூஜெனிக்கு லியோன் பட்டில் கவுன் தைத்தார். நெசவாளர்களுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்பதற்காக அந்தக் கனத்த பட்டை உடுத்திக்கொண்ட மகாராணி, அவற்றை 'அரசியல் உடைகள்' என்று சொல்லி அலுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். பாரிஸ் நாள்களில் வெர்சாய் அரண்மனைக்குப் போவீர்கள் அல்லவா? ராணியின் படுக்கையறையில் சுவரிலும் கட்டிலிலும் இருக்கும் பூப்போட்ட பட்டைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பிரெஞ்சுப் புரட்சியில் போனதை லியோன் நெசவாளர்கள் பழைய மாதிரியை வைத்து மறுபடி நெய்து கொடுத்தது அது. அதைப் பார்த்துவிட்டு இந்த ஊருக்கு வந்தால் இன்னும் ரசிக்கும்.

முதல் நாள் காலையிலேயே க்ருவா-ரூஸ் மேட்டுக்குப் போய்விடுங்கள். மெட்ரோவின் 'சி' வண்டி பல்சக்கரம் பிடித்து ஏறுகிற அளவுக்குச் செங்குத்து. லியோனில் இரண்டு மேடு: ஃபூர்வியேரை 'ஜெபிக்கும் மேடு' என்பார்கள், க்ருவா-ரூஸை 'உழைக்கும் மேடு' என்பார்கள். உழைத்தவர்கள் 'கான்யூ' எனப்படும் பட்டு நெசவாளர்கள். மேலே வந்ததும் கடைகளைப் பார்க்காதீர்கள், அண்ணாந்து வீடுகளைப் பாருங்கள். அலங்காரம் அதிகம் இருக்காது, ஆனால் ஜன்னல்கள் ஓங்கி உயர்ந்திருக்கும். உள்ளே கூரை சுமார் 4 மீட்டர். தறிக்காகக் கட்டிய வீடுகள். மனிதர்கள் அதே அறையின் ஓரத்தில் பலகைப் பரண் போட்டுத் தூங்கினார்கள். இன்று அந்த வீடுகளுக்குத்தான் கிராக்கி.

அவ்வளவு உயரம் எதற்கு? தறியின் தலையில் ஏறி உட்கார்ந்த ஜக்கார்டு கருவிக்காக. துணியில் பூ விழ வேண்டுமென்றால், ஒவ்வொரு ஊடைக்கும் (குறுக்கு இழை) எந்தெந்தப் பாவு இழை (நெடுக்கு இழை) மேலே எழ வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. முன்பு தறிக்குப் பக்கத்தில் ஓர் ஆள், பல நேரம் ஒரு சிறுவனோ சிறுமியோ, கயிறுகளை இழுத்து அந்த இழைகளைத் தூக்கிக் கொடுக்க வேண்டும். லியோன்காரரான ஜோசப் மரி ஜக்கார், தனக்கு முன்னால் வோக்கான்சோன் போன்ற இயந்திர நிபுணர்கள் செய்து பார்த்ததையெல்லாம் சேர்த்து 1804 வாக்கில் அந்த வேலையை அட்டையிடம் கொடுத்தார். அட்டையில் ஓட்டை இருந்தால் இழை ஏறும், இல்லாவிட்டால் கிடந்த இடத்தில் கிடக்கும். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. எங்கள் ஊரிலும் காஞ்சிபுரத்திலும் தறிக்கு மேலே தொங்கும் ஜக்கார்டு பெட்டி இந்த ஊர்ச் சரக்குதான்.

இவ்ரி தெருவில் இருக்கும் 'மெஸோன் தெ கான்யூ'வில் இதைக் கைத்தறியில் ஓட்டியே காட்டுகிறார்கள். நேரம் பார்த்துப் பதிவு செய்துகொண்டு போங்கள். விளக்கம் பிரெஞ்சில் நடந்தாலும் கவலை வேண்டாம், தறி ஓடும்போது எல்லாம் விளங்கிவிடும். உங்கள் கணவரையும் வெளியே நிறுத்தாமல் உள்ளே கூட்டிப் போங்கள். என் வீட்டுக்காரர் சாஃப்ட்வேர் ஆள், கடனே என்று வந்தவர். ஜக்காரின் உருவப்படம் ஒன்றை 1839இல் லியோனில் பட்டிலேயே நெய்தார்கள், அதற்கு மட்டும் சுமார் 24,000 அட்டை. கணினிக்கு முன்னோடி இயந்திரத்தை வடிவமைத்த சார்ல்ஸ் பாபேஜ் அதில் ஒரு பிரதியைத் தன் வீட்டில் மாட்டிவைத்து வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் காட்டினார். இந்தக் கதையைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் போனைப் பைக்குள் போட்டார். கடைசியில் கிளம்பலாம் என்று நான்தான் இழுத்து வர வேண்டியிருந்தது.

பட்டின் பளபளப்பில் மறைந்துபோகிற சங்கதி ஒன்று. 1831 நவம்பரில் இதே மேட்டிலிருந்து நெசவாளர்கள் கொதித்து இறங்கி வந்தார்கள். துணிக்குக் குறைந்தபட்சக் கூலி தருவதாக ஒப்புக்கொண்டு, பிறகு முதலாளிகளில் பலர் பின்வாங்கியதுதான் காரணம். 'உழைத்து வாழ்வோம், இல்லையேல் போராடிச் சாவோம்' என்று கறுப்புக் கொடி பிடித்து வந்து நகரத்தையே சில நாள் கையில் வைத்திருந்தார்கள். 1834இல் மறுபடியும் எழுந்தபோது ராணுவம் ரத்தம் சிந்தி அடக்கியது. ஒரு பிளவுஸுக்கு நூறு ரூபாய் குறையுங்கள் என்று பேரம் பேசும் வாடிக்கையாளரைச் சந்தித்த எவருக்கும் இது அந்நியக் கதை இல்லை.

மேட்டிலிருந்து இறங்கும்போது நடந்தே இறங்குங்கள். வீடுகளுக்கு உள்ளேயே புகுந்து அடுத்த தெருவில் வெளியே வரும் நடைவழிகளுக்கு 'த்ரபூல்' என்று பெயர். மழையில் நனையாமல் பட்டு மூட்டையைத் தூக்கிப் போக வசதியாக இருந்தன என்பார்கள். இரண்டாம் உலகப் போரில் நாஜிகளை எதிர்த்த குழுக்களுக்கும் ஓடி ஒளியக் கைகொடுத்தன. பிளாஸ் கொல்பேர் சதுக்கத்தில் 9ஆம் எண் கதவுக்குள் போனால் 'கூர் தெ வொராஸ்': ஆறு மாடி உயரத்துக்கு முற்றத்துக்குள் தொங்குவது போன்ற கல் படிக்கட்டு. பளிச்சென்ற துணிக்குப் போட்டோ எடுக்க ஊரிலேயே நல்ல பின்னணி அதுதான். ஆனால் மேலே மனிதர்கள் குடியிருக்கிறார்கள், சத்தம் போடாமல் எடுத்துவிட்டு நகருங்கள்.

அப்படியே கீழே வந்தால் பாஸாழ் தியாஃபே. இங்கே 'வில்லாழ் தெ க்ரெயத்தர்' என்ற பெயரில் இளம் வடிவமைப்பாளர்களுக்கு இடம் கொடுத்து வளர்க்கிறார்கள். விலையைப் பார்த்தால் தலை சுற்றும், பார்ப்பதற்குக் காசு இல்லை. நுழையும்போது 'போன்ழூர்' சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லாமல் நுழைவது அந்த நாட்டில் மரியாதைக் குறைவு. பிறகு அனுமதி கேட்டு உடையை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். பைப்பிங் எங்கே முடிகிறது, கைக்குழி எப்படி மடித்திருக்கிறது, லைனிங்குக்கு என்ன நிறம் வைத்திருக்கிறார்கள், இவைதான் நமக்குப் பாடம். வெளியே சாம்பல் நிறம், உள்ளே யாருக்கும் தெரியாத கடுகு மஞ்சள் லைனிங் என்று ஒரு ஜாக்கெட் பார்த்தேன். ஊருக்கு வந்து பட்டு பிளவுஸ்களுக்கு அதையே செய்தேன், கேட்டு வாங்குகிறார்கள்.

துணி அருங்காட்சியகம், 'மியூஸே தெ திஸ்யூ', உலகிலேயே பெரிய துணித் தொகுப்புகளில் ஒன்று. பெரிய புதுப்பிப்பு வேலைக்காக மூடப்பட்ட இடம் என்பதால் நீங்கள் போகும் தேதியில் திறந்திருக்கிறதா என்று அவர்கள் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். திறந்திருந்தால் 18ஆம் நூற்றாண்டின் பிலிப் தெ லாசால் வடிவமைத்த பட்டுகளைத் தேடுங்கள். ரஷ்ய மகாராணி கேத்தரினுக்கே நெய்து அனுப்பியவர். கவுதாரியும் மயிலும் பூங்கொடியும் உயிரோடு இருக்கும்.

மூடியிருந்தாலும் நஷ்டம் இல்லை. பிளாஸ் தெ தெரோவில் உள்ள நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அங்கே பூ ஓவியங்கள் நிறைய இருப்பதற்குக் காரணம் உண்டு: பட்டுக்கு டிசைன் போடுகிறவர்களைத் தயார் செய்ய, நெப்போலியன் காலத்திலிருந்தே இந்த ஊர் ஓவியப் பள்ளியில் பூ வரைவதற்கென்று தனி வகுப்பு நடந்தது. ஒரு ரோஜா இதழின் ஓரத்தில் எத்தனை சிவப்பு வருகிறது என்று அந்தப் படங்களில் எண்ணிப் பாருங்கள். ஆரி வேலைக்கு நூல் எடுக்கும்போது உதவும். நாம் ஒரே சிவப்பில் நிரப்பிவிட்டு, பிறகு பூ ஏன் தட்டையாக இருக்கிறது என்று கல் ஒட்டுகிறோம்.

தெருவில் ஆள்களைப் பார்ப்பதற்கு நான் சொல்லும் இடம், பிராண்டு கடைகள் வரிசையாக நிற்கும் பிரெஸ்கீல் பகுதி இல்லை. க்ருவா-ரூஸ் சந்தை. திங்கட்கிழமை தவிர தினமும் காலையில் அந்தப் பெரிய சாலையோரம் நடக்கும். ஒரு காபி வாங்கிக்கொண்டு உட்காருங்கள். கீரைக்கட்டும் ரொட்டியும் வாங்க வந்த அறுபது வயது அம்மாவின் உடுப்பு எனக்கு எந்த ஷோரூம் பொம்மையை விடவும் பிடித்தது. நேவி புளூ கோட், தேய்ந்தாலும் பாலிஷ் போட்ட ஷூ, கழுத்தில் மட்டும் ஒரு பட்டு ஸ்கார்ஃப். அந்த ஒன்று பேசட்டும் என்று மற்றதையெல்லாம் அடக்கிவிடுகிறார்கள். நம் ஊர்க் கல்யாண பிளவுஸில் கழுத்து, கை, முதுகு மூன்றும் ஒரே நேரத்தில் கத்துவது அங்கே உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. முதுகில் வேலைப்பாடு வேண்டுமென்றால் கையை வெறுமையாக விடச் சொல்லி இப்போது நானே வாடிக்கையாளரிடம் பேசிப் பார்க்கிறேன். பாதிப்பேர் கேட்பதில்லை, அது வேறு.

சந்தையிலிருந்து நடக்கும் தூரத்தில் 'மியூர் தெ கான்யூ' சுவரோவியம்: 1987இல் வரைந்தது, சுமார் 1,200 சதுர மீட்டர், நிஜத் தெருவோ என்று கண் ஏமாறும். இடையில் இரண்டு தடவை புதுப்பித்தபோது, படத்தில் இருக்கும் மனிதர்களுக்கும் வயதைக் கூட்டி வரைந்திருக்கிறார்கள்.

மற்ற சுற்றுலா இடங்களை இரண்டாம் நாள் வேகமாக முடித்துவிடலாம். பழைய லியோன் சந்துகள், வணிகத்துக்காக வந்த இத்தாலிய வியாபாரிகளின் முற்றம் வைத்த வீடுகள், ஃபனிகுலர் ஏறி ஃபூர்வியேர் பேராலயம், பக்கத்தில் ரோமானியர்கள் விட்டுப்போன திறந்தவெளி அரங்கம். பேராலயத்தின் உட்புறம் எனக்கு அலங்காரம் மிஞ்சிப்போனதாகவே பட்டது. ஆனால் அங்கிருந்து தெரியும் ஊரின் காட்சிக்காகவே ஏறலாம். டிசம்பர் 8ஐ ஒட்டிப் போனால் ஊரெங்கும் ஒளித் திருவிழா, ஹோட்டல் வாடகையும் அதற்கேற்ப ஏறியிருக்கும்.

சாப்பாடு: 'பூஷோன்' எனப்படும் பாரம்பரிய உணவகங்களில் குடலும் சாசேஜும்தான் பிரதானம். சைவமென்றால் 'செர்வெல் தெ கான்யூ' கேளுங்கள். பெயரின் பொருள் நெசவாளர் மூளை, பயப்பட வேண்டாம், பூண்டும் பச்சை இலைகளும் சேர்த்த வெண்ணிறப் பாலாடைக்கட்டிதான். ரோஸ் நிறத்தில் பிரலீன் டார்ட் என்று ஒன்று இருக்கும், இனிப்பு தூக்கல்.

ஹீல்ஸ் வேண்டாம். கற்பாவிய தெருவும் படிக்கட்டும் உங்கள் கணுக்காலைப் பழிவாங்கிவிடும். ஞாயிறன்று பல கடைகள் மூடிக்கிடக்கும், ஆகஸ்டில் சிறிய பட்டறைகள் விடுமுறைக்குப் போய்விடும், தேதி போடும்போது கவனியுங்கள்.

கடைசியாக, ஸ்கார்ஃப் வாங்காமல் வர மாட்டீர்கள். எர்மெஸ் என்ற விலையுயர்ந்த பிரெஞ்சு பிராண்டின் 90 சென்டிமீட்டர் சதுர ஸ்கார்ஃப் 1937இலிருந்து வருகிறது, அதன் அச்சு வேலை லியோன் வட்டாரத்தில்தான் நடக்கிறது, ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிச் சட்டம் (ஃப்ரேம்) வைத்து அச்சிடுவார்கள். நம் பட்ஜெட்டுக்கு அது ஆகாது. பிளாஸ் தெ தெரோ பக்கம் ரோமரின் தெருவில் உள்ள பட்டுப் பட்டறையில் அதே சட்ட முறையில் அச்சிடுவதை நின்று பார்த்துவிட்டு வாங்கலாம். எங்கு வாங்கினாலும் ஓரத்தைத் தடவிப் பாருங்கள்: கையால் சுருட்டித் தைத்தது உருண்டையாக, மெத்தென்று இருக்கும், மெஷின் ஓரம் தட்டையாக இருக்கும். லேபிளில் பட்டுக்கு 'சுவா' என்று போட்டு 100 சதவீதம் என்று இருக்க வேண்டும். வெறும் 'சத்தேன்' என்றிருந்தால் அது நெசவின் பெயர் மட்டுமே, பாலியெஸ்டராகவும் இருக்கலாம். சுற்றுலாக் கடைகளில் வாசலில் கொத்தாகத் தொங்குவது பெரும்பாலும் அந்த ரகம்தான். அதற்கு லியோன் வரை போக வேண்டியதில்லை, தி.நகரிலேயே கிடைக்கும்.