பாலூட்டும் தாயும் மருந்துக்கடை மாத்திரையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் குழந்தையின் வயதும் இல்லை, மாத்திரையின் பெயரும் இல்லை. பத்து மாதக் குழந்தை இட்லியும் பருப்புச் சாதமும் சாப்பிட்டுவிட்டு இடையிடையே பால் குடிக்கும். பத்து நாள் குழந்தைக்கோ பாலே முழு உணவு, அதன் கல்லீரலும் சிறுநீரகமும் இன்னும் முதிரவில்லை. இருவருக்கும் ஒரே பதில் எழுத இயலாது. தாய்ப்பால் வழியாக வந்த மருந்தால் பாதிக்கப்பட்டதாகப் பதிவான குழந்தைகளில் பெரும்பாலோர் இரண்டு மாதத்துக்கு உட்பட்டவர்கள். ஆகவே வயதையும், குறைமாதப் பிரசவமா என்பதையும் எழுதுங்கள்.

நான்கு மாதக் குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன். இரண்டு நாளாகக் காய்ச்சல். பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாமா? (வாசகி, மன்னார்குடி)

போட்டுக்கொள்ளலாம். ஒரு வேளைக்கு 500 அல்லது 650 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில், நாளொன்றுக்கு 3 கிராமுக்கு மிகாமல். குழந்தைக்கே காய்ச்சல் வந்தால் நேரடியாகக் கொடுக்கப்படும் மருந்து இது. பாலில் வந்து சேர்வது அந்த அளவில் சிறு பங்குதான். ஆனால் மார்பில் ஓரிடம் சிவந்து, கல்லைப் போல் இறுகி வலித்தால், மாத்திரையால் காய்ச்சலை அடக்கிக்கொண்டு காத்திராமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை.

மாத்திரை போட்டால் ஒரு நாள் முழுவதும் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட வேண்டும் என்கிறார் என் மாமியார். சரியா? (வாசகி, திண்டுக்கல்)

சாதாரண வலி, காய்ச்சல் மாத்திரைகளுக்கு அது தேவையில்லை. மார்பு, தண்ணீர்த் தொட்டியைப் போல மருந்தைச் சேர்த்து வைத்துக்கொள்வதில்லை. இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும்போது பாலிலும் ஏறும், இரத்தத்தில் குறையும்போது பாலிலிருந்தும் திரும்பிச் சென்று குறையும். அக்கறையோடு சொல்லும் மாமியாரிடம் இதைப் பொறுமையாக விளக்குங்கள். கூடுதல் எச்சரிக்கை வேண்டுமென்றால், குழந்தை பால் குடித்து முடித்த உடனே மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள், அது போதும். காரணமின்றி ஒரு நாள் நிறுத்தினால் பால் கட்டிக்கொள்ளும், சுரப்பும் குறையும்.

தலைவலிக்கு ஆஸ்பிரின்? (வாசகி, நாகர்கோவில்)

வேண்டாம். பாராசிட்டமாலே போதும்; போதாதென்றால், வயிற்றுப் புண்ணோ ஆஸ்துமாவோ இல்லாதவர் சாப்பாட்டுக்குப் பின் ஐபுபுரூஃபன் எடுத்துக்கொள்ளலாம். அது பாலில் மிக மிகக் குறைவாகவே வருகிறது.

சளிக்கு மருந்துக்கடையில் கேட்டு மூன்று வேளை மாத்திரை சாப்பிட்டேன். ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை, ஒன்று பெரியது. மறுநாளிலிருந்து பால் குறைந்துவிட்டது, குழந்தையும் தூங்கிக்கொண்டே இருக்கிறது. ஏன்? (வாசகி, ஊர் குறிப்பிடவில்லை)

மஞ்சள் என்பது மருந்தின் பெயரன்று, அம்மா. முதலில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்: எழுப்பியும் பால் குடிக்காத அளவுக்குக் குழந்தை தூங்கினாலோ, மூச்சு வழக்கத்துக்கு மாறாக இருந்தாலோ, மீதி மாத்திரைகளையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நீங்கள் வாங்கியது ‘செட் மாத்திரை’. இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. நோயாளி யார், பாலூட்டுகிறாரா என்று ஒரு வார்த்தை கேட்காமல், நான்கைந்து அட்டைகளிலிருந்து ஒவ்வொன்றாக நறுக்கி, காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். நறுக்கிய துண்டில் மருந்தின் பெயரும் இருக்காது, காலாவதித் தேதியும் இருக்காது. இத்தகைய பொட்டலங்களைப் பிரித்துப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்: இரண்டு மாத்திரைகளில் பாராசிட்டமால் இருக்கும், உண்பவருக்கோ அது தெரியாது. சளிக்கான கலவை மாத்திரையில் குளோர்ஃபெனிரமின் இருக்கும். அது தாயையும் மயக்கும், சிறு குழந்தையையும் மயக்கும். மூக்கடைப்பைத் திறக்கும் சூடோஎஃபெட்ரின் கலந்திருந்தால், 60 மில்லிகிராம் ஒரே ஒரு வேளை எடுத்துக்கொண்ட தாய்மார்களுக்குக்கூட அன்றைய பால் ஏறத்தாழ கால் பங்கு குறைந்ததாக 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. வலிக்கென்று நிமெசுலைடு வைப்பார்கள். 12 வயதுக்கு உட்பட்டோருக்கு இந்தியாவில் 2011இலேயே தடை செய்யப்பட்ட மருந்து அது. ஐபுபுரூஃபன் இருக்கும்போது கைக்குழந்தைக்காரி அதை ஏன் விழுங்க வேண்டும்? சில பொட்டலங்களில் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டும் இருக்கும். காய்ச்சல் சட்டென்று விடுவதால் ‘கைராசியான கடை’ என்று பெயர் கிடைக்கிறது, உள்ளே இருக்கும் நோய்த்தொற்று மறைந்து வளர்கிறது.

இவற்றில் எது உங்கள் பாலைக் குறைத்தது என்று பெயர் தெரியாமல் யாராலும் சொல்ல முடியாது. அட்டையைத் திருப்பிப் படியுங்கள். பெயருள்ள துண்டோடு கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால், அது மருத்துவர் சீட்டின்றி விற்கப்படக் கூடாத மருந்து. மூக்கொழுகலும் தும்மலும் மட்டும் என்றால் இரவில் ஒரு செட்ரிசின் 10 மில்லிகிராம், மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு, ஆவி பிடித்தல் ஆகியவை போதும். மருந்தை நிறுத்தி, குழந்தைக்கு அடிக்கடி பால் கொடுத்து வந்தால் சுரப்பு பெரும்பாலும் சில நாள்களில் மீண்டுவிடும்.

வறட்டு இருமலுக்குப் பழைய சிரப் வீட்டில் இருக்கிறது. குடிக்கலாமா? (வாசகர், மனைவிக்காக, சேலம்)

எந்த சிரப் என்று எழுதவில்லை. இருமலை அடக்கும் அபின் வகை மருந்தான கோடீன் அதில் இருந்தால் தொடவே கூடாது. சிலருடைய உடல் பிறவியிலேயே கோடீனை மிக விரைவாக மார்ஃபினாக மாற்றும் தன்மை உடையது. அது பாலில் இறங்கினால் குழந்தையின் மூச்சே அடங்கக்கூடும். பாலூட்டும் தாய்மார்கள் கோடீனையும் டிரமடால் என்னும் வலி மருந்தையும் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்தது. புட்டியைத் திருப்பிப் படியுங்கள்.

நெஞ்செரிச்சல், மலச்சிக்கல் இரண்டும் இருக்கின்றன. (வாசகி, காரைக்குடி)

அலுமினியம், மக்னீசியம் ஹைட்ராக்சைடு கலந்த திரவமும் இசப்கோலும் தாயின் குடலைத் தாண்டிப் பெரிதாக எங்கும் செல்வதில்லை. இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம், இசப்கோலுக்குத் தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

பால் ஊற டோம்பெரிடோன் நல்லது என்று பக்கத்து வீட்டு அக்கா வாங்கிக் கொடுத்தார். (வாசகி, ஓசூர்)

அது வாந்திக்கான மருந்து. பால் சுரப்பைத் தூண்டும் என்பது உண்மையே. ஆனால் சிலருக்கு இதயத் துடிப்பின் சீரைக் குலைக்கும், எரித்ரோமைசின் (கிருமிக்கொல்லி), ஃப்ளுகோனசோல் (பூஞ்சைத் தொற்றுக்கான மருந்து) போன்றவற்றோடு சேர்ந்தால் ஆபத்து கூடும். பெரும்பாலும் குறை சுரப்பில் இல்லை, குழந்தை காம்பை மட்டும் கவ்விக் குடிப்பதில்தான் இருக்கிறது. முதலில் அதைச் செவிலியரிடம் காட்டிச் சரிசெய்யுங்கள். மாத்திரையை மருத்துவர் சொன்னால் மட்டும் எடுங்கள்.

நெஞ்சில் தைலம் தேய்த்துக்கொண்டு பால் கொடுக்கலாமா? (வாசகி, தூத்துக்குடி)

கூடாது. கற்பூரம் கலந்த தைலம் கைக்குழந்தையின் வாய்க்குள் போனால் வலிப்பு வரலாம். முதுகில் தேய்த்துக்கொண்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள்.