மூலையில் முளைக்கும் எச்சரிக்கை

கேள்வி: என் மடிக்கணினித் திரையின் வலது கீழ்மூலையில் ‘உங்கள் கணினியில் 5 வைரஸ்கள் உள்ளன’ என்ற எச்சரிக்கை அடிக்கடி தோன்றுகிறது. ஆன்டிவைரஸால் இருமுறை முழுமையாகச் சோதித்தும் எதுவும் சிக்கவில்லை. என்ன செய்வது?

பதில்: ஆன்டிவைரஸ் கோட்டை விட்டதாகத் தோன்றவில்லை, அது தேடுவது தீங்கான கோப்புகளை, இத்தகைய தொல்லையிலோ பெரும்பாலும் கோப்பே இருப்பதில்லை. படம் பார்க்கவோ எதையாவது பதிவிறக்கவோ நீங்கள் சென்ற ஏதோவொரு தளம், ‘நீங்கள் ரோபோ அல்ல என்பதை உறுதிசெய்ய அனுமதி என்பதை அழுத்துங்கள்’ என்று கேட்டிருக்கும். அன்று அழுத்திய அந்தப் பொத்தான்தான் பிரவுசர் வழியாக அறிவிப்பு அனுப்பும் உரிமையை அதற்கு வழங்கியிருக்க வேண்டும். நீங்கள் காணும் எச்சரிக்கை அப்படியொரு அறிவிப்பாகவே இருக்கும்; அதிலேயே, அனுப்பிய தளத்தின் முகவரி சிறிய எழுத்தில் இருக்கும் (பலரும் அதைப் படிப்பதில்லை). குரோமில் அமைப்புகளைத் திறந்து, தனியுரிமைப் பகுதியிலுள்ள தள அமைப்புகளுக்குள் அறிவிப்புகள் என்பதற்குச் சென்று, அனுமதி பெற்றவற்றின் பட்டியலிலிருந்து அந்த முகவரியையும் அறிமுகமில்லாத பிறவற்றையும் நீக்குங்கள். அதன் பிறகும் தொடர்ந்தால், சந்தேகத்திற்குரிய எக்ஸ்டென்ஷன்களை (பிரவுசரில் சேர்க்கப்பட்ட துணை நிரல்களை) அகற்றிவிட்டு, திறந்துள்ள வேலைகளைச் சேமித்த பின் விண்டோஸிலேயே உள்ள ஆன்டிவைரஸான மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரின் ஆஃப்லைன் சோதனையை (விண்டோஸ் இயங்கத் தொடங்கும் முன் நடக்கும் சோதனை) நடத்துங்கள்; கணினி தானே மறுதொடக்கமாகும். எச்சரிக்கையில் தொலைபேசி எண் இருந்தால் அழைக்காதீர்கள்; மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைச் செய்திகளில் எண் தருவதே இல்லை.