நோயிலிருந்து தேறிவரும் குழந்தைக்கு வீட்டில் செவிலியர் தேவையா?

கேள்வி: எங்கள் நான்கு வயது மகள் நிமோனியாவுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, இரண்டு நாட்களுக்கு முன் வீடு திரும்பினாள். எடை 15 கிலோ. காய்ச்சல் நின்றுவிட்டது, ஆனால் இருமல் இருக்கிறது, சரியாகச் சாப்பிடுவதில்லை, என்னை விட்டு நகர மறுக்கிறாள். ஆன்டிபயாடிக் சிரப் இன்னும் சில நாட்களுக்குக் கொடுக்க வேண்டும். நானும் கணவரும் வேலைக்குச் செல்பவர்கள். வீட்டில் செவிலியர் ஒருவரை அமர்த்துவது நல்லதா? மருந்துக்காக அவளைத் தூக்கத்திலிருந்து எழுப்பலாமா? பள்ளிக்கு எப்போது அனுப்பலாம்?

பதில்: செவிலியர் வேண்டுமா என்பதை முடிவு செய்வதற்கு முன், உங்கள் மகளுக்கு இப்போது என்னென்ன பணிவிடைகள் தேவைப்படுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். நரம்பு வழியாக ஏற்றும் மருந்து, ஆக்சிஜன், மூக்கு வழியே இரைப்பைக்குச் செல்லும் உணவுக்குழாய், தொண்டையில் பொருத்திய சுவாசக் குழாயிலிருந்து சளியை உறிஞ்சி எடுப்பது போன்றவை வீட்டில் தொடர வேண்டியிருந்தால், பயிற்சி பெற்ற செவிலியர் இருக்க வேண்டும். அல்லது வீடு திரும்பும் முன்பே பெற்றோர் அந்த வேலையை மருத்துவமனைச் செவிலியரின் கண்முன் தங்கள் கையால் பலமுறை செய்து பழகியிருக்க வேண்டும். உங்கள் மகளுக்கு இவற்றில் எதுவும் தேவைப்படவில்லை. நேரத்துக்கு மருந்து, போதிய நீர், ஓய்வு, எல்லாவற்றுக்கும் மேலாக அவளுடைய இயல்பை நன்கு அறிந்த ஒருவரின் கவனிப்பு ஆகியவையே அவளுக்கு வேண்டியவை. ஆகவே செவிலியர் தேவையில்லை என்பதே என் கருத்து. அந்தச் செலவைச் செய்ய உங்களால் முடியும் என்றாலும், உங்களில் ஒருவர் சில நாட்கள் விடுப்பு எடுத்து உடனிருப்பதையே நான் பரிந்துரைப்பேன். நேற்று அவள் எப்படி மூச்சு விட்டாள், எவ்வளவு குடித்தாள் என்று அறிந்தவர்தான் இன்றைய சிறு மாற்றத்தையும் கண்டுகொள்வார். நாளுக்கொருவர் மாறி மாறிப் பார்த்துக்கொள்ளும்போது அந்த ஒப்பீடு நழுவிவிடுகிறது. விடுப்பு கிடைக்காவிட்டால், பொறுப்பேற்கும் பெரியவர் யாராக இருந்தாலும், மருந்து கொடுத்த நேரம், குடித்த அளவு, சிறுநீர் கழித்த நேரம் ஆகியவற்றை ஒரே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். இரண்டு பேர் தனித்தனியே ஒரே மருந்தைக் கொடுத்துவிடும் ஆபத்தையும் அந்த நோட்டு தடுக்கும்.

இந்த நோய்க்குப் பிறகு முதலில் பார்க்க வேண்டியது மூச்சைத்தான். அவள் தூங்கும்போதோ அமைதியாக இருக்கும்போதோ சட்டையை மேலே உயர்த்தி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டாம், ஏனெனில் குழந்தைகளின் மூச்சு சீராக இருப்பதில்லை. ஒரு வயது முதல் ஐந்து வயது வரை, நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்த எல்லை 50, இரண்டு மாதத்துக்குக் கீழ் 60. எண்ணிக்கை கூடியிருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சை உள்ளிழுக்கும்போது விலா எலும்புகளுக்குக் கீழே உள்ள பகுதி உள்வாங்கினாலோ, மூக்குத் துவாரங்கள் விரிந்தாலோ, ஒவ்வொரு மூச்சிலும் முனகல் சத்தம் கேட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியைப் பலர் வாங்கி வைக்கிறார்கள். கை குளிர்ந்திருந்தாலோ குழந்தை அசைந்தாலோ அது தவறான எண்ணைக் காட்டக்கூடும் என்பதால், அதில் எண் நன்றாக இருக்கிறது என்று ஆறுதல் அடைந்து, கண்ணெதிரே குழந்தை மூச்சுக்குத் திணறுவதைப் புறக்கணித்துவிடாதீர்கள்.

எதையும் குடிக்க இயலாமை, குடித்ததையெல்லாம் வாந்தி எடுப்பது, வலிப்பு, எழுப்பினாலும் சரியாக விழிக்காத மந்தம் ஆகியவையும் நள்ளிரவிலும் கிளம்ப வேண்டிய காரணங்களே. விழித்திருக்கும் நேரத்தில் எட்டு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காமல் இருந்தால் உடல் நீர் குறைகிறது என்று கொண்டு, உடனே மருத்துவரைக் கலந்து பேசுங்கள். நின்ற காய்ச்சல் மீண்டும் வந்தாலும் அன்றே காட்டுங்கள். நிமோனியாவுக்குப் பின் நுரையீரலைச் சுற்றி நீரோ சீழோ சேர்வது உண்டு, அதன் முதல் அடையாளம் பெரும்பாலும் இந்தத் திரும்பிவரும் காய்ச்சலாகவே இருக்கிறது.

இனி மருந்து. காய்ச்சலுக்கான பாராசிட்டமாலைக் கொடுப்பதற்காகத் தூங்கும் குழந்தையை எழுப்ப வேண்டியதில்லை. அது குழந்தையின் அசௌகரியத்தைக் குறைப்பதற்குத்தானே தவிர, நோயைக் குணப்படுத்துவதற்கு அல்ல. ஆன்டிபயாடிக் மருந்து அப்படிப்பட்டதன்று. அதன் இடைவெளியைக் காக்க வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால், அவள் எழும் நேரத்துக்கும் உறங்கும் நேரத்துக்கும் பொருந்தும்படி நேரத்தை அமைத்துத் தருமாறு உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். எழுப்பித்தான் ஆக வேண்டுமென்றால், நிமிர்த்தி உட்கார வைத்து, சிரிஞ்சின் முனையைக் கன்னத்தின் உட்பக்கமாக வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். படுத்த நிலையில் ஊற்றினால் புரையேறும்.

பாராசிட்டமாலில் நடக்கும் ஒரு பிழையைப் பற்றி நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில் உங்கள் மகளுக்கு 225 மில்லிகிராம் வரும். வேளைகளுக்கு இடையே நான்கிலிருந்து ஆறு மணி நேர இடைவெளி வேண்டும், 24 மணி நேரத்தில் நான்கு முறைக்கு மேல் கூடாது. 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் இது 9 மில்லி. 250 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 4.5 மில்லி, கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருந்தால் 2.25 மில்லி மட்டுமே. ‘9 மில்லி’ என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு சொட்டு மருந்துப் புட்டியை எடுத்தவர், நான்கு மடங்கு மருந்தைக் கொடுத்துவிடுவார். அது கல்லீரலைத் தாக்கும். எனவே ஒவ்வொரு முறையும் புட்டியில் எழுதியிருப்பதைப் படித்து, அளவுக்கோடு போட்ட சிரிஞ்சால் மட்டுமே அளந்து கொடுங்கள். சமையலறைக் கரண்டி வேண்டாம். ஆஸ்பிரினைக் குழந்தைகளுக்குத் தாமாகக் கொடுக்கவே கூடாது. இருமல் சிரப்புகளால் இந்த வயதில் பயனில்லை என்பதோடு, சிலவற்றால் தீங்கும் உண்டு. இருமல் சில வாரங்கள் நீடிக்கலாம். நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தால் கவலைப்பட வேண்டாம்.

பசி திரும்ப ஓரிரு வாரங்கள் ஆகும். ஊட்டிவிட வற்புறுத்தாமல், சிறிது சிறிதாக அடிக்கடி கொடுங்கள். பசி திரும்பிய பின், இழந்த எடையை மீட்க இரண்டு வாரங்களுக்குத் தினமும் ஒருவேளை உணவைக் கூடுதலாகக் கொடுங்கள். உங்களை விட்டு நகர மறுப்பதும், இரவில் பயந்து எழுவதும், நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்புவதும் மருத்துவமனையில் ஊசிகளையும் புது முகங்களையும் கண்டு வந்த குழந்தைகளிடம் சாதாரணமாகக் காணப்படுபவை. அதைப் பிடிவாதம் என்று கண்டிக்காதீர்கள். செவிலியரை அமர்த்த வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்: சீருடையணிந்த இன்னொரு புதியவரை இப்போது அவள் ஏற்றுக்கொள்வது கடினம்.

பள்ளியைப் பொறுத்தவரை நாட்காட்டியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். காய்ச்சல் மருந்து கொடுக்காமலேயே 24 மணி நேரம் காய்ச்சலின்றி இருக்க வேண்டும், மூச்சு சீராக இருக்க வேண்டும், வீட்டுக்குள் வழக்கம்போல் விளையாடிய பின்னும் பகலில் சோர்ந்து சாயாமல் இருக்க வேண்டும். இந்த மூன்றும் அமைந்த பிறகு, மருத்துவர் மறுபரிசோதனையில் பார்த்துச் சம்மதித்தால், முதல் சில நாட்கள் அரை நாள் மட்டும் அனுப்புங்கள்; இருமல் மிச்சமிருப்பது தடையில்லை. அந்தப் பரிசோதனைக்குச் செல்லும்போது நோட்டை எடுத்துச் செல்லுங்கள். நன்றாகத் தேறிவரும் குழந்தைக்கு மறுபடி எக்ஸ்ரே பொதுவாகத் தேவைப்படாது. நிமோகோக்கல், இன்ஃபுளூயன்சா தடுப்பூசிகள் விடுபட்டிருந்தால் அவற்றை எப்போது போடலாம் என்பதையும் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் யாரும் புகைபிடிக்க அனுமதிக்காதீர்கள்.