சிண்டரெல்லாவைக் கலெக்டராக்கலாமா?

அன்புள்ள அம்மா,

கோத்தகிரிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். பிள்ளைகளில் பலர் கொழுந்து பறிக்கும் தொழிலாளர் வீடுகளிலிருந்து வருகிறவர்கள். வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு கதைக்கு. ஒரு வாரம் சிண்டரெல்லா சொன்னேன். திங்கட்கிழமை மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியைச் சுற்றி நின்றுகொண்டு, "உன் சித்தி உனக்குச் சோறு போடுவாரா?" என்று மற்றவர்கள் கேட்டிருக்கிறார்கள். அவளுக்கு அம்மா இல்லை. சித்திதான் வளர்க்கிறார், நன்றாகவே வளர்க்கிறார். அதற்குப் பிறகு கதையை மாற்றினேன். சிண்டரெல்லா இளவரசனை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, படித்துக் கலெக்டர் ஆகிறாள். பிள்ளைகள் கைதட்டினார்கள், ஆனால் இன்னொரு முறை சொல்லுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. இப்போது ஆண்டு விழாவுக்கு ஸ்னோ ஒயிட் நாடகம் போடச் சொல்லியிருக்கிறார்கள். அதில் அந்தப் பெண் வந்ததும் வராததுமாக வீடு கூட்டுகிறாள். இந்தக் கதைகளை விட்டுவிடுவதா, மாற்றிச் சொல்வதா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள டீச்சர்,

நாடகத்துக்குக் கையோடு பதில் இருக்கிறது. துடைப்பத்தை எடுத்துவிடுங்கள், மூலக்கதைக்கு ஒரு குறையும் வராது. ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812இல் அச்சிட்ட கதையில் குள்ளர்களின் வீடு பளிச்சென்று இருக்கிறது. வெள்ளைத் துணி விரித்த மேசை, ஏழு சின்னத் தட்டுகள், சுவரோரம் ஏழு கட்டில்கள். பசியோடு வந்த பெண் ஒவ்வொரு தட்டிலும் கொஞ்சம் எடுத்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துத் தூங்கிவிடுகிறாள். பேச்சுவார்த்தை பிறகுதான் நடக்கிறது: சமைத்து, துவைத்து, தைத்து, வீட்டைப் பார்த்துக்கொண்டால் இங்கேயே இருக்கலாம் என்கிறார்கள் குள்ளர்கள். இதுவும் நியாயமான ஏற்பாடு இல்லைதான். ஆனால் இன்னதுக்கு இன்னது என்று பேசி முடிக்கப்பட்ட வேலை. 1937இல் டிஸ்னி படம் எடுத்தபோது அந்த வீட்டை அழுக்காக்கினார்கள். எங்கும் ஒட்டடை, தூசி, கழுவாத பாத்திரம். யாரும் சொல்லாமலே அவள் துடைப்பத்தைக் கையில் எடுக்கிறாள், அணிலும் மானும் உதவிக்கு வருகின்றன, பாட்டு வேறு. 125 ஆண்டுகள் கழித்து வந்த புதுமை இது! முத்தமும் அப்படித்தான். கிரிம் கதையில் அவள் முத்தத்தால் எழுவதில்லை. பிந்தைய பதிப்புகளில் அவளை வைத்த பெட்டியைத் தூக்கிச் செல்கிறவர்கள் தடுக்கி ஆட்டம் காண்கிறார்கள், தொண்டையில் சிக்கிய ஆப்பிள் துண்டு வெளியே வந்துவிடுகிறது, அவள் எழுந்து உட்காருகிறாள். நான்கு பேர் ஒரு பெஞ்சைத் தூக்கிக்கொண்டு தடுக்கினால் மேடைக்குப் போதும்.

சித்தி விஷயம் எனக்கு அதிகம் உறுத்தியது. 1812ஆம் ஆண்டுப் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொல்பவள் மாற்றாந்தாய் அல்ல, பெற்ற தாய். ஹான்சல், கிரேட்டல் கதையிலும் பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிடலாம் என்று சொல்பவள் பெற்ற தாய்தான். முதல் கதையில் 1819இலும் இரண்டாவதில் 1840இலும் அவர்களை மாற்றாந்தாய் ஆக்கினார்கள். தாய்மை புனிதம் என்ற எண்ணத்துக்குப் பழைய கதை ஒத்துவரவில்லை. புனிதத்தைக் காப்பாற்ற ஒரு ஆள் பழி சுமக்க வேண்டியிருந்தது, சித்தி அகப்பட்டாள்.

ஹான்சல், கிரேட்டல் கதையில் அப்பாவைப் பாருங்கள். அவர் ஒரு மரக்கிளையைப் பட்ட மரத்தில் கட்டித் தொங்கவிடுகிறார். காற்றில் அது மோதும் சத்தம் கோடாரிச் சத்தம் போலக் கேட்கிறது. அப்பா பக்கத்தில்தான் விறகு வெட்டுகிறார் என்று நம்பிப் பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள். இத்தனை யோசித்து ஏமாற்றியவரைக் கதை என்ன செய்கிறது? அவர் மனம் வருந்தினார் என்று ஒரு வரி, அத்தோடு சரி. பிள்ளைகள் ஓடிவந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொள்கிறார்கள், மனைவி செத்துப்போயிருக்கிறாள். எத்தனை முறை பதிப்பித்தும் அந்த அப்பாவுக்குத் தண்டனை வரவில்லை. நம் பக்கமும் ஒழுங்கு இல்லை: நல்லதங்காள் கதையில் வசவெல்லாம் அண்ணி மூளி அலங்காரிக்குத்தான்.

அந்தச் சிறுமி இருக்கும் வகுப்பில் அடுத்த வெள்ளிக்கிழமை இந்தக் கதையைச் சொல்லுங்கள். சித்தி வேண்டாம், அம்மா அப்பா என்றே சொல்லுங்கள். நீங்கள் எதையும் திருத்தவில்லை, பழைய பதிப்புக்குப் போகிறீர்கள், அவ்வளவுதான். சூனியக்காரியை அடுப்புக்குள் தள்ளி அண்ணனைக் காப்பாற்றுவது கிரேட்டல் என்பதையும் அமுக்கிவிடாதீர்கள். அப்பா ஏன் சும்மா இருந்தார் என்று எந்தப் பிள்ளையாவது கேட்டால், உடனே பதில் சொல்லிவிட வேண்டாம்.

இனி உங்கள் கலெக்டர். பிரான்சில் பெரோ என்பவர் 1697இல் சிண்டரெல்லாவை எழுதியபோது கதை முடிந்ததும் செய்யுளில் நீதி வைத்தார், ஒன்றல்ல, இரண்டு. அழகைவிட இனிய குணம் பெரிது என்பது முதலாவது. அறிவும் திறமையும் எவ்வளவு இருந்தாலும் தூக்கிவிட ஒரு ஞானத்தாய் வேண்டும் என்பது இரண்டாவது. சிபாரிசு இல்லாமல் காரியம் ஆகாது என்கிறார், மனிதர் உலகம் தெரிந்தவர். அவருடைய சிவப்புத் தொப்பிச் சிறுமியை ஓநாய் தின்றுவிடுகிறது, காப்பாற்ற யாரும் வருவதில்லை. நயமாகப் பேசும் ஓநாய்களிடம் எச்சரிக்கை என்று இளம் பெண்களுக்கு மட்டும் ஒரு செய்யுள். கோத்தகிரியில் இருட்டிய பிறகு தனியாகப் போகாதே என்பதை ஆணுக்கும் பெண்ணுக்கும் சேர்த்தேதான் சொல்கிறோம். கோயில் விளக்கு எண்ணெயைத் தேடி வரும் கரடி ஆள் பார்ப்பதில்லை.

உங்கள் கலெக்டரும் பெரோ ஒட்டிய செய்யுளைப் போன்றவள்தான். எனக்கு அவள்மேல் கோபம் இல்லை, ஆனால் அவள் வந்ததுமே கதை வகுப்பு பாட வகுப்பாகிவிட்டது என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுகிறது. கதையில் பெண்ணுக்குப் பெரிய பதவி கொடுத்தால் போதும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் இருக்கும் மலையிலேயே தோடர்களின் கதைகள் இருக்கின்றன. 1906இல் வெளிவந்த, மானிடவியலாளர் ரிவர்ஸின் நூலில், தெய்கிர்சி என்ற பெண் தெய்வம் தன் சகோதரன் இறந்தவர்களின் உலகத்தை ஆளப் போனபின் தோடர்களை ஆள்கிறாள், எருமைகளைப் பகிர்ந்து கொடுக்கிறாள், சடங்குகளை வகுக்கிறாள். அவள் வகுத்த ஒழுங்கில் புனிதமான பால்மனைக்குள் பெண்கள் போவதில்லை, கறப்பதும் கடைவதும் ஆண்களுக்கு உரியவை.

நீதியும் கதையும் ஒன்றையே சொல்வதில்லை என்பதற்குத் தவளை இளவரசன் நல்ல சாட்சி. கிணற்றில் விழுந்த தங்கப் பந்தை எடுத்துக் கொடுத்த தவளை, அவள் தட்டில் சாப்பிட வேண்டும், அவள் படுக்கையில் தூங்க வேண்டும் என்கிறது. சொன்ன சொல்லைக் காப்பாற்று என்று ராஜா மகளை அதட்டுகிறார். அவள் இரண்டு விரலால் தவளையைத் தூக்கிப்போய் அறை மூலையில் விடுகிறாள். "என்னைக் கட்டிலில் ஏற்று, இல்லாவிட்டால் உன் அப்பாவிடம் சொல்லிவிடுவேன்" என்று மிரட்டுகிறது தவளை. அவ்வளவுதான், எடுத்துச் சுவரில் ஓங்கி அடிக்கிறாள். விழும்போது அது இளவரசன். கீழ்ப்படி என்று நீதி சொன்னவர் அப்பா, கதை பரிசு கொடுத்தது அவள் ஆத்திரத்துக்கு. இதை எந்த வாசகத்தால் கரும்பலகையில் எழுதுவீர்கள்?

நாட்டுப்புறக் கதைகளை ஆராய்ந்த ஏ. கே. ராமானுஜன் பெண்கள் சொல்லும் கதைகளைப் பற்றி ஒன்றைக் கவனித்தார். அவற்றில் கல்யாணம் முடிவு அல்ல, கஷ்டம் அதற்குப் பிறகுதான் ஆரம்பம். இந்திய நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டி 1991இல் அவர் கொண்டுவந்த தொகுப்பில் ஒரு தமிழ்க் கதை இருக்கிறது. ஒரு கிழவி, இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள். நான்கு பேரும் ஏசுகிறார்கள். சொல்லி அழ ஆள் இல்லாமல் துயரத்தை உள்ளேயே வைத்து வைத்து அவள் பருத்துக்கொண்டே போகிறாள், அதற்கும் கேலி. ஒருநாள் கூரையில்லாத ஒரு பாழ்வீட்டுக்குப் போய், ஒரு சுவரிடம் மூத்த மகனைப் பற்றிச் சொல்கிறாள். பாரம் தாங்காமல் சுவர் இடிந்து விழுகிறது, அவள் உடம்பு கொஞ்சம் இளைக்கிறது. அடுத்த சுவருக்கு மருமகள், அதற்கடுத்த சுவருக்கு இளைய மகன், பிறகு அவன் மனைவி. நான்கும் விழுந்ததும் லேசாகி வீட்டுக்கு நடக்கிறாள். மகன்கள் திருந்தவில்லை, தேவதை வரவில்லை.

கதை வகுப்பில் இதை நடித்தே காட்டலாம். கிழவிக்கு நன்றாகப் புலம்பத் தெரிந்த ஒரு சிறுமி வேண்டும். சுவருக்கு நான்கு பையன்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை அசையாமல் நின்று கேட்க வேண்டும், பிறகுதான் விழலாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் முதல் வரியிலேயே விழுந்துவிடுவார்கள்.