பெர்சென்டைல் 39 என்றால் பெயிலா?

கேள்வி: கேரளத்தில், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். பையனுக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. இரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம், இப்போது இங்கிலீஷ் மீடியம். கணக்குப் பாடத்தில் சீக்கிரம் முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்று டீச்சர் சொன்னதால், கோயம்புத்தூரில் ஒரு சைக்காலஜிஸ்ட்டிடம் அச்சீவ்மென்ட் டெஸ்ட் (பாடங்களில் எவ்வளவு கற்றிருக்கிறான் என்று பார்ப்பது) எடுத்தோம். அமெரிக்காவில் தயாரான தேர்வு, ஆங்கிலத்தில் நடந்தது. கணிதச் சிந்தனை 138, வாசித்துப் புரிதல் 121, ஸ்பெல்லிங் 103, கணக்கு வேகம் 96. வேகத்துக்கு நேரே பெர்சென்டைல் 39 என்று போட்டிருக்கிறது. பெயிலா? கணிதச் சிந்தனைக்கு கிரேடு 7.4 என்கிறார்கள். ஏழாம் வகுப்பில் சேர்க்கலாமா? ஐந்து வயது தங்கைக்கும் இதே டெஸ்ட் எடுக்கலாமா? ரிப்போர்ட்டின் போட்டோ இணைத்திருக்கிறேன்.

பதில்: முதலில் அந்த 39. அது நூற்றுக்கு வாங்கிய மார்க் இல்லை. அவன் வயதுப் பிள்ளைகள் நூறு பேரை வரிசையில் நிறுத்தினால், சுமார் 39 பேர் அவனுக்குச் சமமாகவோ கீழாகவோ இருப்பார்கள் என்று அர்த்தம். நடுவரிசைதான். பெயில் என்ற பேச்சே இந்தத் தேர்வில் கிடையாது. கேரளத்தில் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிவந்த எல்.எஸ்.எஸ். பரீட்சையில் குறிப்பிட்ட மார்க்கைத் தாண்டிய எல்லோருக்கும் ஸ்காலர்ஷிப் கிடைத்தது. பக்கத்து பெஞ்சுப் பிள்ளை எவ்வளவு வாங்கினாள் என்பது கணக்கில்லை. இங்கே நேர்மாறு, ஒப்பீடு மட்டும்தான்.

138, 121 என்பவை ஸ்டாண்டர்டு ஸ்கோர். 100 நடுப்புள்ளி. மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் 85க்கும் 115க்கும் இடையில் வந்துவிடுவார்கள். 130 என்றால் பெர்சென்டைல் 98. 145 என்றால் 99.9. பெர்சென்டைல் 50லிருந்து 60க்கு ஏற நாலு பாயின்ட் போதும், 98லிருந்து 99.9க்கு ஏற 15 பாயின்ட் வேண்டும். அதனால் உயர்ந்த ஸ்கோர் வாங்கும் பிள்ளைகளுக்குப் பெர்சென்டைலை விட்டுவிட்டு ஸ்டாண்டர்டு ஸ்கோரைப் பாருங்கள். 138க்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 131–145 என்று இருக்கிறதே, அதையும் பாருங்கள். இன்னொரு நாள் உட்கார வைத்திருந்தால் 133 வந்திருக்கலாம், 142ம் வந்திருக்கலாம். 138ஐக் கல்லில் வெட்ட வேண்டாம்.

போட்டோவின் ஓரத்தில் யாரோ நாலையும் கூட்டி நாலால் வகுத்து 114.5 என்று பென்சிலில் எழுதியிருக்கிறார்கள். வீட்டுக்காரராக இருக்கும். தயவுசெய்து அதை அழித்துவிடுங்கள். இந்த ரிப்போர்ட்டில் இருக்கிற விஷயமே 138க்கும் 96க்கும் நடுவில் உள்ள இடைவெளிதான். சராசரி போட்டால் முதலில் காணாமல் போவது அதுதான்.

அந்த இடைவெளி ஏன் வந்தது? வேகத்தேர்வு என்பது சில நிமிடங்களுக்குள் சின்னச் சின்னக் கூட்டல், கழித்தல், பெருக்கல்களை எத்தனை முடிகிறதோ அத்தனை போடுவது. சைக்காலஜிஸ்ட் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: ‘சில விடைகளை ரப்பரால் அழித்து அழகாகத் திரும்ப எழுதினான், தவறு ஒன்றும் இல்லை.’ எனக்கு இந்த ஒரு வரி பாதி ரிப்போர்ட்டுக்குச் சமம். பையனுக்குக் கணக்கு தெரியாமல் இல்லை, அவசரப்படத் தெரியவில்லை. இப்படிப்பட்ட கெட்டிக்காரப் பிள்ளைகளை நிறையப் பார்க்கலாம். இதற்காக தினமும் வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்து உயிரை வாங்காதீர்கள். ஆனால் எழுதும்போது கை வலிக்கிறது என்கிறானா, போர்டைப் பார்த்து எழுதத் திணறுகிறானா என்று மட்டும் கவனியுங்கள். அப்படி இருந்தால் அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். கெட்டிக்காரத்தனம் சில சமயம் அந்த மாதிரிச் சிரமங்களை மறைத்துவிடும்.

ஸ்பெல்லிங் 103ஐப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். ஒப்பிட்ட பிள்ளைகள் அமெரிக்காவில் படிப்பவர்கள், பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வளர்பவர்கள். வீட்டில் தமிழ், பஸ்ஸிலும் கடையிலும் பாதி மலையாளம் என்று வளர்கிற உங்கள் பையன் இரண்டே வருட இங்கிலீஷ் மீடியத்தில் அவர்களோடு நடுவரிசையில் நிற்கிறான். வாசித்துப் புரிதலில் 121 வந்தது எனக்கு ஆச்சரியம்தான். தமிழில் எடுத்திருந்தால் இன்னும் கூடியிருக்கலாம். இரண்டு எண்களையும் அவனுடைய திறமையின் எல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, 7.4க்கு வருவோம். இதில்தான் நிறையப் பெற்றோர் வழுக்கி விழுகிறார்கள். ஏழாம் வகுப்பில் நான்காம் மாதம் படிக்கிற சராசரிப் பிள்ளை அதே தேர்வில் வாங்கும் மதிப்பெண்ணை இவன் வாங்கியிருக்கிறான், அவ்வளவுதான். எளிய கேள்விகளைப் பிழையில்லாமல் போட்டாலே அந்த எண் வந்துவிடலாம். ஏழாம் வகுப்புப் பாடம் தெரியும் என்று அதற்கு அர்த்தமில்லை.

உண்மை நிலவரம் தெரிய வேண்டுமென்றால் மேல்வகுப்புக் கேள்வியையே கொடுத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி என்ற உளவியல் பேராசிரியர் 1972இல் செய்தது இதைத்தான்: காலேஜில் சேரப்போகிறவர்கள் எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வைப் பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். வகுப்புத் தேர்வில் எல்லாருமே உச்சியில் முட்டிக்கொண்டு ஒரே மாதிரி தெரிந்த பிள்ளைகள், அதில் தனித்தனியாகப் பிரிந்து தெரிந்தார்கள். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஐந்தாம் வகுப்பு, ஆறாம் வகுப்பு ஆண்டுத் தேர்வுக் கணக்குத் தாள்களை டீச்சரிடம் கேட்டு வாங்கி, நேரக்கெடு இல்லாமல் போடச் சொல்லுங்கள். கேரளத்தில் பாடப்புத்தகம் தயாரிக்கும் அரசு அமைப்பான எஸ்.சி.இ.ஆர்.டி.யின் கணக்குப் புத்தகம் தமிழ் வழியிலும் உண்டு. மொழி குறுக்கே வந்தால் அதிலிருந்து கொடுங்கள். எந்தப் பாடத்தில் தடுமாறுகிறானோ அங்கிருந்து ஆரம்பித்தால் போதும்.

மூன்று வகுப்பு தாண்டி ஏழில் போடுவதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கணக்கு பீரியடுக்கு மட்டும் மேல்வகுப்பில் உட்காரலாமா என்று ஹெட்மாஸ்டரிடம் கேளுங்கள். ரிப்போர்ட் முழுவதையும் நீட்டாமல், 138ஐயும் அவன் போட்ட ஆறாம் வகுப்புத் தாளையும் காட்டுங்கள். தாள்தான் அதிகம் பேசும்.

தங்கைக்கு இப்போது வேண்டாம். ஐந்து வயதில் வரும் எண்கள் அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் நிறைய மாறும். பள்ளியில் ஏதாவது முடிவெடுக்க வேண்டி வந்தால் அப்போது பார்க்கலாம். பையனுக்கும் அதே தேர்வை ஒரு வருடத்துக்குள் திரும்ப எடுக்காதீர்கள், கேள்விகள் ஞாபகத்தில் இருக்கும்.