நெல்லுக் காசும் இருபது வினைச்சொல்லும்

கேள்வி: என்ர மகள் ஸ்போக்கின் இங்கிலிஷ் வகுப்புக்குப் போகிறாள். ஒவ்வொரு நாளும் இருபது வினைச்சொல் பாடமாக்க வேண்டும். நேற்று ‘ஸ்குவாண்டர்’ என்று ஒன்று. ‘வீணடித்தல்’ என்று நூறு தரம் எழுதினாள். ஒரு வசனம் சொல்லு என்றால் முழுசுகிறாள். ஞாபகசக்தி குறைவோ? – ஒரு தாய், பரந்தன்

பதில்: ஞாபகசக்தியில் ஒரு குறையும் இல்லை அம்மா. அவளுக்குக் கருத்தை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சொல் எதோடு சேரும் என்று யாரும் சொல்லவில்லை.

‘வேஸ்ட்’டுக்கும் வீணடித்தல் என்றுதான் எழுதியிருப்பாள். கொட்டிய சோற்றுக்கும் அணைக்காத லைட்டுக்கும் வேஸ்ட் போதும். ஸ்குவாண்டர் வர, கையில் பெறுமதியான ஒன்று இருக்க வேண்டும்: பணம், காலம், திறமை, நல்ல வாய்ப்பு. அதை யோசனையில்லாமல் தொலைக்க வேண்டும். வன்னியில் இதற்கு உதாரணம் தேடப் புத்தகம் எதற்கு? காலபோக நெல்லை அறுத்து விற்கிறோம். உரக்கடைக் கடன் அப்படியே நிற்கிறது. காசு சாமத்திய வீட்டு ட்ரோன் வீடியோவுக்குப் போய்விடுகிறது. ‘தே ஸ்குவாண்டர்ட் த பெடி மணி ஆன் எ ட்ரோன் வீடியோ.’ (வீடியோக்காரர் கோபிக்க வேண்டாம், அவர் உழைத்த காசு அது. தொலைத்தது நாங்கள்.) எதில் தொலைத்தோமோ அதற்கு முன்னால் ‘ஆன்’ நிற்பதைப் பிள்ளைக்குக் காட்டுங்கள்.

இரணைமடுத் தண்ணீரும் அப்படித்தான். குளத்தின் நீர்மட்டம் பார்த்து, கூட்டம் வைத்து, சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று தீர்மானிக்கிறோம். அந்தத் தண்ணீரை இரவில் வாய்க்கால் கட்டாமல் ஓடவிட்டுப் படுத்தால், வேஸ்ட் என்பது காணாது.

மொத்தமாகப் போகாமல் சில்லறை சில்லறையாகக் கரைந்தால் ‘ஃப்ரிட்டர் அவே’. தினம் ஒரு லொத்தர் சீட்டு, பின்னேரம் முழுக்கப் போன். ‘அவே’யை விட்டுவிடக் கூடாது.

சாதாரண தரப் பரீட்சையில் கடிதமும் கட்டுரையும் எழுதச் சொல்வார்கள், பட்டியல் ஒப்பிக்கச் சொல்லமாட்டார்கள். ஒரு நாளைக்கு இரண்டு சொல் போதும். ஒவ்வொன்றுக்கும் வீட்டு விஷயத்தை வைத்து மூன்று வசனம், அதில் ஒன்று இறந்த காலத்தில். வகுப்பு மாஸ்டர் ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த மாதக் காசைக் கொடுக்கும் முன் ஒன்று கேளுங்கள்: அந்த இருபதில் ஏதாவது ஒன்றை வைத்து அவரே ஒரு வசனம் சொல்லட்டும்.