முதலில் எஸ்டிமேட்டைப் பிரியுங்கள், அப்புறம் பணத்தைத் தேடலாம்

கேள்வி: ஓசூரில் வேலை பார்க்கிறேன். அப்பாவின் பல் சிகிச்சைக்கு 1.20 லட்சம் ஆகும் என்கிறார்கள். மருத்துவக் காப்பீடு இருந்தும் பல்லுக்குத் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கடன் வாங்கிச் செய்துவிடலாமா?

கடன் வாங்குவதற்கு முன்னால் அந்த எஸ்டிமேட் தாளை எடுத்துக்கொண்டு இன்னொரு பல் மருத்துவரிடம் போய் உட்காருங்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்து பட்டவன். பணத்தை முதலில் புரட்டிவிட்டு, எதற்குப் பணம் என்று அப்புறம் கேட்டேன். தருமபுரியில் ஒரு புளி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். மூட்டைக்கு அரைக் கிலோ இடித்தால்கூட மூன்று தடவை கூட்டிப் பார்ப்பேன். அம்மாவின் பல் விஷயத்தில் ஒரு தடவைகூடக் கூட்டிப் பார்க்கவில்லை.

அம்மாவுக்கு 58 வயது. பிறந்தது பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம். கடைவாய்ப் பல் ஆறு மாதமாக வலித்திருக்கிறது, எங்களிடம் மூச்சு விடவில்லை. எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு ராகிக் களி. களியை யாரும் மெல்ல மாட்டோம். கிள்ளி உருட்டி, கீரைக் கடைசலில் தொட்டு அப்படியே விழுங்குவதுதான் பழக்கம். பல் வலிக்காரருக்கு இதைவிட வசதியான சாப்பாடு கிடையாது. மத்தியானமும் களியே போதும் என்று அம்மா சொன்னபோதுகூட எங்களுக்கு உறைக்கவில்லை. ஒரு நாள் வறுத்த நிலக்கடலையைக் கையில் வாங்கி, "நீயே தின்னு கண்ணு" என்று பேத்தியிடம் தள்ளிவிட்டார். அப்போதுதான் என் மனைவி வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். கீழ்க் கடைவாயில் ஒரு பல் பாதி இல்லை.

டவுனில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். கண்ணாடிக் கதவு, ஏசி, டிவியில் பளிச்சென்று சிரிக்கும் முகங்கள். அரை மணி நேரத்தில் எஸ்டிமேட் கையில் வந்தது. முழு வாய் எக்ஸ்ரே 600, கிளீனிங் 1,500, மூன்று பல்லுக்கு ரூட் கெனால் (பல்லின் வேரைச் சுத்தம் செய்து அடைப்பது) 15,000, அந்த மூன்றுக்கும் ஜிர்கோனியா கேப் (பல் நிறத்தில் விலை கூடின மேலுறை) 27,000, இரண்டு பல் பிடுங்க 2,000, பிடுங்கிய இடத்தில் இரண்டு இம்ப்ளான்ட் (எலும்பில் திருகி வைக்கிற செயற்கைப் பல்) 56,000, மேல் வரிசை முன்பல் ஆறுக்கு வெனீர் (பல்லின் முன்பக்கம் ஒட்டுகிற வெள்ளைத் தகடு) 36,000. ஆக 1,38,100.

காப்பீடு இருக்கிறதே என்று தைரியமாகத்தான் இருந்தேன். குடும்பத்துக்கு 5 லட்சம் பாலிசி. விற்ற ஏஜென்ட், "எல்லாமே வரும் சார்" என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார். பாலிசிப் புத்தகத்தை அன்று ராத்திரிதான் முதல் தடவையாகப் பிரித்தேன். விபத்தில் அடிபட்டு, ஆஸ்பத்திரியில் படுக்கையில் சேர்ந்து செய்கிற பல் சிகிச்சைக்கு மட்டும்தான் பணம். சொத்தைப் பல், ரூட் கெனால், கேப், பல் செட் எதுவும் கிடையாது. இங்கே பெரும்பாலான பாலிசிகள் இப்படித்தான் இருக்கின்றன. எழுத்தில் இருக்கிற விலக்கை எதிர்த்துப் புகார் போட்டு நேரத்தைத் தொலைக்காதீர்கள். புறநோயாளிச் செலவும் பல்லும் சேர்ந்த பாலிசிகள் தனியாக விற்கிறார்கள். அதிலும் பல்லுக்கு என்று ஒரு சின்ன உச்சவரம்பும் காத்திருப்புக் காலமும் இருக்கும். கூடுதல் பிரீமியத்தையும் அந்த வரம்பையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். புதிதாக வாங்கினால் 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்க உரிமை உண்டு, அந்த 30 நாளுக்குள் புத்தகத்தைப் படித்துவிடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்பவர்களும் என்னிடம் கேட்கிறார்கள். அது பட்டியலில் இருக்கிற பெரிய சிகிச்சைகளுக்கானது, ரூட் கெனாலும் கேப்பும் அதில் நடக்காது.

சரி, என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன். மண்டித் தெருவில் 1 லட்ச ரூபாய் ஏலச்சீட்டு ஒன்று போட்டிருந்தேன், மாதம் 5,000, 20 மாதம். ஐந்தாவது மாதமே 26,000 தள்ளி, அதாவது அவ்வளவு விட்டுக்கொடுத்து ஏலம் கேட்டு எடுத்தேன். 74,000 கைக்கு வந்தது. மீதிக்கு மனைவியின் செயினைக் கூட்டுறவு வங்கியில் வைக்கலாம் என்று இருந்தோம். கிளினிக்கில் இருந்த பெண்ணோ, "தவணையிலயும் கட்டலாம் சார், வட்டியே இல்ல" என்றது. ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறையும் என்று கேட்டேன். பத்து சதவீதம் குறையுமாம். அப்படியானால் வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிகிறதல்லவா? இன்னொன்று, தவணை என்றால் கடன் கொடுக்கும் கம்பெனி முழுப் பணத்தையும் கிளினிக்குக்கு முன்னாலேயே கட்டிவிடும். பாதி சிகிச்சையில் உங்களுக்கு ஒத்துவராமல் போனாலும் தவணை பாட்டுக்கு ஓடும். கட்டுவதாக இருந்தால் ஒவ்வொரு சிட்டிங்குக்கும் அன்றன்றைக்குக் கட்டுங்கள்.

செயின் தப்பியது மண்டிக்குப் புளி கொண்டுவரும் ஒரு அண்ணனால். "பல்லுக்கா இவ்வளவு? சேலத்துல பல் காலேஜ்ல காமிச்சியாப்பா?" என்றார். அடுத்த வாரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு தொப்பூர்க் கணவாய் இறங்கிப் போனேன்.

அங்கே பார்த்தது மேல்படிப்பு படிக்கிற ஒரு பெண், பக்கத்தில் பேராசிரியர். எஸ்டிமேட்டை நீட்டினேன், அந்தப் பெண் வாங்கி ஓரமாக வைத்துவிட்டு முதலில் வாயைப் பார்த்தது. அம்மாவின் முன்பற்கள் காவி நிறம், நடுவில் சுண்ணாம்புத் திட்டு. சின்னக் கொக்கி மாதிரி ஒரு கம்பியால் திட்டுத் திட்டாகத் தடவியது. கம்பி எங்கேயும் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு போனது.

"ஏம்மா, சின்ன வயசுல என்ன தண்ணி குடிச்சீங்க?"

"கிணத்துத் தண்ணிதாங்க. எங்க ஊர்ல எல்லாருக்கும் பல்லு இப்படித்தாங்க."

"இது சொத்தை இல்லம்மா, கறை. ஃப்ளோரைடு. பல்லு கெட்டியாத்தான் இருக்கு. உங்களுக்கு இது சங்கடமா இருக்கா?"

அம்மா என்னைப் பார்த்தார். "இந்த வயசுல எனக்கென்னங்க, யாரு பாக்கப் போறா."

வெனீருக்குப் போட்டிருந்த 36,000 ரூபாய் அந்த இடத்திலேயே கணக்கிலிருந்து கழிந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் இதை மட்டுமாவது கவனியுங்கள். நம் பாறை நிலத்துத் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீர் இல்லாத ஊரில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பதுதான் இந்தியத் தரம். நம் பக்கம் பல போர்வெல்களில் அது தாண்டிவிடும். பல் ஈறுக்குள் உருவாகிற சின்ன வயதில் குடித்த தண்ணீரால்தான் இந்தக் கறை விழுகிறது, பெரியவரான பிறகு புதிதாக விழாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்ததே இந்தப் பிரச்சினைக்காகத்தான். அந்தத் தண்ணீரில் வளர்ந்த என் மகளுக்குப் பல் வெள்ளை. எனக்கு அம்மா மாதிரியே காவி. ரொம்ப மோசமான நிலையில் எனாமல் பெயர்ந்துவிடும், அதற்குச் சிகிச்சை வேண்டும்தான். வெறும் கறை என்றால் அது அழகுச் செலவு, கல்யாண வயதில் இருக்கிறவருக்கு அது முக்கியமாக இருக்கலாம், தப்பில்லை. ஆனால் வலிக்காக வந்தவரின் எஸ்டிமேட்டில் அது நான்கில் ஒரு பங்கு இருக்கக் கூடாது. உங்கள் அப்பாவின் தாளிலும் முன்பல்லுக்கு என்று ஏதாவது போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மீதியையும் அந்தப் பெண் ஒவ்வொரு வரியாகப் பிரித்தது. மூன்று ரூட் கெனாலில் ஒன்றுக்கு அடைத்தாலே போதும் என்றது. (கிளினிக் ஏமாற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். ஓரத்துப் பல்லில் இரண்டு டாக்டருக்கு இரண்டு அபிப்பிராயம் வரும்.) கடைவாய்க்கு ஜிர்கோனியா எதற்கு, உள்ளே உலோகமும் மேலே பீங்கானும் வைத்த கேப் போதும் என்றது. ஆனால் ரூட் கெனால் செய்த கடைவாய்ப் பல்லுக்குக் கேப்பே போடாமல் விட்டால் பல் பிளந்துவிடும், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள் என்று பேராசிரியர் கறாராகச் சொன்னார். இம்ப்ளான்டுக்குப் பதில் கழற்றி மாட்டுகிற பல். இரண்டு பல்லைத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஓபி சீட்டு போட்டு இலவசமாகப் பிடுங்கிக்கொண்டோம்.

கடைசிக் கணக்கு: எக்ஸ்ரே 300, கிளீனிங் 300, ரூட் கெனால் இரண்டு 3,000, அடைப்பு 400, கேப் இரண்டு 4,000, கழற்றும் பல் 2,500. ஆக 10,500. ஏழு தடவை போக வேண்டியிருந்தது. இரண்டு பேர் பஸ், சாப்பாடு 3,360. என் ஏழு நாள் சம்பளம் 4,900. எல்லாம் சேர்த்து 18,760. கல்லூரியில் காத்திருக்கத் தெரிய வேண்டும். மாணவர் செய்வதால் ஒரு பல்லுக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகும், வயதானவருக்கு வாயைத் திறந்தே வைத்திருப்பது பெரிய பாடு. வீட்டில் கூட்டிப்போக ஆள் இல்லை என்றால் இந்த வழி உங்களுக்குச் சரிப்படாது.

உங்களுக்கு ஓசூர் என்பதால் ஒரு விஷயம். மாதச் சம்பளம் 21,000-க்குள் இருந்து ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்கள் என்றால், உங்களைச் சார்ந்திருக்கும் அப்பாவுக்கும் அங்கே பார்க்கலாம், முதலில் அங்கே கேளுங்கள். பெங்களூருவும் பக்கம், அங்கே அரசுப் பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. சர்க்கரை இருந்தால் அதைச் சரிபார்க்காமல் பல் பிடுங்கப் போகாதீர்கள். கன்னம் வீங்கி, காய்ச்சலும் இருந்து, வாய் திறக்கவோ விழுங்கவோ முடியவில்லை என்றால் நான் மேலே சொன்ன எந்தக் கணக்கும் பார்க்க வேண்டாம், அன்றைக்கே பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இம்ப்ளான்ட் மட்டும் பணம் சேர்த்துக்கொண்டு பிறகு செய்யலாம். ரொம்ப வருடம் தள்ளினால் அந்த இடத்து எலும்பு கரையும், பக்கத்துப் பல் சாயும். எவ்வளவு நாள் தள்ளலாம் என்று டாக்டரிடமே கேட்டுவிடுங்கள்.

அம்மாவின் கழற்றும் பல் பெரும்பாலும் அடுப்படி அலமாரியில் ஒரு எவர்சில்வர் டம்ளர் தண்ணீரில்தான் கிடக்கிறது. கடலைக்கும் விசேஷ வீட்டுக்கும் மட்டும் மாட்டிக்கொள்கிறார், களிக்குக் கழற்றிவிடுகிறார். சீட்டுக்கு இன்னும் ஏழு மாதத் தவணை பாக்கி இருக்கிறது.